சாட்சியும் தலையாட்டியும்

எங்கள் ஊர்களில் பலருக்கும் தெரிந்திருந்தும் எவரும் உரிய இடத்தில் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. எந்த ஒழுங்கையில் ஐஸ் விற்கப்படுகிறது, அதை யார் கொண்டுவந்து கொடுக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளை அதற்கு அடிமையாகிப் படிப்பை விட்டான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். தேநீர்க் கடையில் பேசுகிறார்கள், பள்ளிவாசல் முற்றத்தில் பேசுகிறார்கள், ஜனாஸா வீட்டில் கூடப் பேசுகிறார்கள். "பொலிஸில் சொன்னால் என்ன?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். "நமக்கேன் வம்பு" என்பார் ஒருவர். "நம்மட பிள்ளைய நாமளே காட்டிக்கொடுக்கிறதா?" என்பார் மற்றவர்.

முதலாவது பதிலில் இருப்பது பயம். அதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. இரண்டாவது பதில் அப்படியல்ல. அது ஓர் ஒழுக்கக் கேள்வி. தன் தெருவில் நடக்கும் தீங்கைக் கண்டு பொலிஸில் போய்ச் சொல்பவன் சாட்சியா, காட்டிக்கொடுப்பவனா? சமூகப் பாதுகாப்புப் பற்றி நடக்கும் கூட்டங்களில் இந்தக் கேள்வியை எவரும் எடுப்பதில்லை. "பொலிஸாருக்கு ஒத்துழையுங்கள்" என்று பேசிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைகிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காணாமல் ஒத்துழைப்பு வராது என்பதே என் எண்ணம்.

காட்டிக்கொடுத்தல் என்ற சொல் மட்டக்களப்பில் ஏன் இவ்வளவு பாரமானது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. சுற்றிவளைப்பு நடந்த காலங்களில் ஊர் மக்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். வாகனத்துக்குள் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு இருப்பார். கண்ணுக்கு மட்டும் இரண்டு துவாரங்கள். வரிசையில் வருகின்றவரைப் பார்த்து அவர் தலையை அசைத்தால், அந்த மனிதர் ஏற்றிச் செல்லப்படுவார். தலையாட்டி என்று அவருக்குப் பெயர். அவர் யார், எதைக் கண்டார், எதற்காகத் தலையசைத்தார் என்று எவரும் கேட்க முடியாது. பழைய காணிச் சண்டைக்காகவும் அசைத்திருக்கலாம், அடி தாங்க முடியாமலும் அசைத்திருக்கலாம். மறுபக்கத்தில், தகவல் கொடுத்தவர் என்று ஆயுதக் குழுக்கள் குற்றஞ்சாட்டியவர்களின் உடல்கள் மின்கம்பங்களில் கட்டப்பட்டுக் கிடந்தன. அங்கும் விசாரணை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த ஒரு தலைமுறை, எதையும் காணாததுபோல் இருப்பதே உயிரைக் காக்கும் வழி என்று கற்றுக்கொண்டது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் யுத்தகாலத்தில் உயிரைக் காத்த பழக்கம் யுத்தம் முடிந்த பின்னும் ஊரைக் காக்குமா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பொலிஸ் நிலையத்தின் கதையும் எளிமையானதல்ல. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இந்த நாட்டு மக்கள் கேட்டு வந்ததல்ல. குடியேற்ற ஆட்சியாளர் தம் ஆட்சியைக் காக்க ஏற்படுத்தியது. அதற்கு முன்னும் அதன் பின்னும் நெடுங்காலம் எங்கள் பகுதியில் சண்டை சச்சரவுகளைக் குடி மரைக்காயர்களும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களும் தீர்த்துவந்தார்கள். அங்கே வாதியும் பிரதிவாதியும் ஒரே மொழியில் பேசினார்கள். பொலிஸ் நிலையத்தில் அப்படியல்ல. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதே திருத்தம் மாகாணங்களுக்குத் தருவதாகச் சொன்ன பொலிஸ் அதிகாரம் இன்றுவரை கைக்கு வரவில்லை. தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட, தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழே கையொப்பம் வைத்துவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். தான் என்ன சாட்சி சொன்னேன் என்பதே தெரியாத ஒருவரைச் சாட்சி என்று எப்படி அழைப்பது?

இத்தனை குறையோடும் ஒரு பொலிஸ் இருந்தது. 1990 ஜூன் 11ஆம் திகதி அதுவும் இல்லாமற் போனது. கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். சிங்களவரோடு முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஷஹீதானார்கள். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் உறங்கிய வீடுகளுக்குள்ளேயே வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள்.

இதன் பின்னர் எங்கள் ஊர்களில் ஊர்காவல் படை பெருகியது. காவலுக்கு வேறு ஆள் இல்லாத ஊர் தன் பிள்ளையின் கையில் துவக்கைக் கொடுத்தது. அந்த நாட்களில் இரவில் சென்றியில் நின்ற இளைஞர்களால்தான் மற்றவர்கள் கண் அயர்ந்தார்கள். இதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்ட எல்லைக் கிராமமான அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அதே நாளில் அண்டைத் தமிழ்க் கிராமங்களான கரபொலவிலும் முத்துகலிலும் பெண்களும் குழந்தைகளும் உட்படத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தவர்கள் முஸ்லிம் ஊர்காவல் படையினர். அரசு கொடுத்த துவக்குகளாலேயே செய்தார்கள். அழிஞ்சிப்பொத்தானையை நினைவுகூரும் நாம் முத்துகலைச் சொல்லாமல் விட்டால், அந்த நினைவுகூரல் அரைச் சாட்சியாகவே இருக்கும்.

நம்மவனே நமக்குக் காவல் என்பதன் எல்லை இங்கே தெரிந்துவிடுகிறது. தன் இரத்த உறவை மட்டும் காக்கும் கை, அடுத்த ஊரின் குழந்தையைக் கண்டதும் காவலை மறந்துவிடக்கூடும். காவல் என்றால் யாராக இருந்தாலும் காப்பது. ஆளைப் பார்த்து மாறுவதைக் காவல் என்று சொல்ல முடியாது, அது கட்சி.

யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் வந்தது. அது றமழான் மாதம். உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கதை கிழக்கு முழுவதும் பரவியது. இருட்டியதும் பெண்கள் வெளியே வர அஞ்சினார்கள். இளைஞர்கள் பொல்லுகளோடு தெருக்களில் நின்றார்கள். பல ஊர்களில் மக்கள் தாம் சந்தேகித்தவரைத் துரத்த, அவரைப் படையினரோ பொலிஸாரோ காப்பாற்றுகிறார்கள் என்று நம்பி மோதினார்கள். பொத்துவிலில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. புத்தளத்தில் கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரர் இறந்தார். பூதம் இருந்ததா இல்லையா என்பது இங்கே பிரச்சினையல்ல. பொலிஸார் சொன்னதை மக்கள் நம்பவில்லை, மக்கள் சொன்னதைப் பொலிஸார் கேட்கவில்லை. சொல்வதற்கு இடமில்லாத ஊரில் வதந்தி முறைப்பாடாகிறது, கூட்டம் நீதிமன்றமாகிறது.

இனிச் சொல்லப்போவது நமக்குக் கசப்பானது. காத்தான்குடியில் ஸூபி வழியைச் சார்ந்த சிறுபான்மையினர் 2004இலும் 2006இலும் தாக்கப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகள் எரிந்தன. 2006 டிசம்பரில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு மையித்தைக் கூட மண்ணில் இருக்க விடவில்லை. மார்க்கக் கருத்தில் அவர்களோடு உடன்படாதவர்கள் பலர். உடன்படாமை வேறு, வீட்டை எரிப்பது வேறு. அன்று ஊரின் பெரும்பகுதி, "அவர்கள் வழிகெட்டவர்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. 2017 மார்ச் 10ஆம் திகதி அலியார் சந்தியில் ஸஹ்ரானின் ஆட்கள் வாள்களோடும் பெற்றோல் குண்டுகளோடும் அதே மக்களைத் தாக்கினார்கள். தாக்கப்பட்டவர்கள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. பொலிஸுக்குப் போனார்கள், முறைப்பாடு செய்தார்கள், இந்த மனிதன் ஆபத்தானவன் என்று பெயர் சொல்லிச் சொன்னார்கள். சிலர் கைதானார்கள். ஸஹ்ரான் தலைமறைவானான். பிடியாணை இருந்தும் அவன் பிடிபடவில்லை.

2018 நவம்பர் இறுதியில் வாவிக்கு மேற்கே வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். பொலிஸாரின் சந்தேகம் உடனே பழைய பாதையில் ஓடியது. முன்னாள் போராளி ஒருவர் கைதுசெய்யப்பட்டு மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார். அதைச் செய்தது ஸஹ்ரானின் குழு என்பது, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. அந்த மனிதர் மே மாதம் விடுவிக்கப்பட்டார். படுவான்கரையில் ஒருவரது வாழ்வில் ஐந்து மாதங்கள் போயின. அந்த ஐந்து மாதங்களில் உண்மையான கொலைகாரர்களுக்கு வேண்டிய அவகாசமும் கிடைத்தது. அப்பாவியைப் பிடிப்பது அவருக்கு மட்டும் இழைக்கும் அநீதி என்று நினைக்கிறோம். அது எல்லோருடைய பாதுகாப்பையும் தின்றுவிடுகிறது.

ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. உயர்மட்டத்தில் அது கைமாறிக் கைமாறிப் படுத்துக்கொண்டது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 75 மில்லியன் ரூபாவும் நட்டஈடாகச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. என் வாசிப்பில் அந்தத் தீர்ப்பின் ஒழுக்கப் பொருள் இதுதான்: சொல்வது ஒரு கடமையானால் கேட்பதும் ஒரு கடமை. சொன்னதைக் கேட்காமல் விட்டவருக்கும் பொறுப்பு உண்டு.

அதே வாரத்தில் நடந்த வேறொன்றை நம்மவர்களே போதிய அளவு பேசுவதில்லை. ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமத்தில், வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மீது அயலவர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஊர் முஸ்லிம்களே போய் விசாரித்தார்கள், மிரட்டப்பட்டார்கள், பொலிஸாருக்குச் சொன்னார்கள். அன்றிரவு அந்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. குழந்தைகளும் மாண்டது பெருந்துயரம். ஆனால் அந்த ஆட்கள் இன்னொரு கூட்டத்துக்குள் போய் வெடிப்பது தவிர்ந்தது. "நம்மட ஆட்கள்" என்று சாய்ந்தமருது வாய்மூடி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர்கள் செய்தது காட்டிக்கொடுப்பு என்று சொல்ல எவருக்காவது நா எழுமா?

அப்படியானால் சாட்சிக்கும் தலையாட்டிக்கும் இடையிலுள்ள கோடு எங்கே? என் வகுப்பில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே அது தெரிகிறது. "சேர், அவன் கெட்டவன்" என்று காதில் வந்து சொல்பவனை மற்றப் பிள்ளைகள் வெறுக்கிறார்கள். "சேர், அவன் இவனுக்கு அடித்ததை நான் கண்டேன்" என்று எழுந்து நின்று சொல்பவனை வெறுப்பதில்லை. முதலாவது கோள், இரண்டாவது சாட்சி. கோள் ஆளைப் பற்றியது, சாட்சி செயலைப் பற்றியது. கோள் சொல்பவனைக் குறுக்கே கேட்க முடியாது. சாட்சி கேள்விக்கு முகம் கொடுக்கிறான். கோளால் சொன்னவனுக்கு இலாபம் உண்டு. சாட்சியால் சில வேளை நட்டம்தான் உண்டு.

மார்க்கமும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுப்பது ஸூறத்துல் ஹுஜுறாத். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்று எச்சரிப்பது ஸூறத்துல் பகறா. தனக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கப் பணிப்பது ஸூறத்துந் நிஸா. "நம்மட பிள்ளையாச்சே" என்ற கேள்விக்கு இந்த மூன்றாவது இடத்தில் பதில் இருக்கிறது. சாட்சி என்பது கையில் தரப்பட்ட அமானிதம். தனக்கு வேண்டியவருக்காக அதை விழுங்கிவிட நமக்கு உரிமையில்லை.

கேட்பவருக்கும் ஒரு பாடம் உண்டு. கலீஃபா உமர் அவர்களைப் பற்றி வழங்கும் ஒரு சம்பவம் எல்லோரும் அறிந்தது. இரவில் ஒரு வீட்டுக்குள் ஏதோ தவறு நடக்கிறது என்று கருதி அவர் மதில் ஏறி உள்ளே போனார். குற்றத்தோடு பிடிபட்ட வீட்டுக்காரர், "நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாசலால் வரவில்லை, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லவில்லை" என்று சொல்ல, உமர் அதை ஏற்றுத் திரும்பினார் என்பார்கள். குற்றம் உள்ளே இருந்தது உண்மை. ஆனாலும் சட்டம் மதில் ஏறிப் போகக்கூடாது.

2019க்குப் பிறகு சட்டம் எங்கள் மதில்களில் நிறைய ஏறியது. கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் கதை இந்தப் பக்கங்களை வாசிப்போருக்குப் புதிதல்ல. அவரும் ஓர் ஆசிரியர். அவருடைய 'நவரசம்' கவிதை நூல் தீவிரவாதம் பரப்புகிறது என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தமிழ்க் கவிதையை வாசித்து விளங்கக்கூடிய ஒருவர் அந்தக் கோப்பை முதல் நாளே பார்த்திருந்தால் எத்தனை மாதங்கள் மிஞ்சியிருக்கும்! 2017இல் உரக்கச் சொன்னதைக் கேட்காத அதே காது, 2020இல் சொல்லாத ஒன்றைக் கவிதையில் கேட்டது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகத் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையும் இப்படித்தான். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். பிடியாணையில்லாத தேடுதல்களையும் தடுத்துவைப்பையும் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கண்டித்தார்கள். யுக்திய என்ற சிங்களச் சொல்லுக்கு நீதி என்று பொருள். நீதியின் பெயரில் வலை வீசினால், சாட்சி சொல்ல நினைத்த தந்தையும் வாயை மூடிக்கொள்வார். விற்பவனைச் சொன்னால், வாங்கிச் சீரழிந்த தன் மகனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவார்களே என்று அவர் அஞ்சுவார். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அடிமையான பிள்ளைக்கு வேண்டியது சிகிச்சை, விற்பவனுக்கு வேண்டியது வழக்கு. இரண்டையும் பிரித்தறியாத பொலிஸிடம் ஊர் வாய்திறக்காது.

ஆகவே சாட்சி சொல்லும் கடமையை மக்கள் மீது மட்டும் சுமத்துவது அநியாயம். தமிழில் சொன்னது தமிழிலேயே எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு, பதிவின் இலக்கம் கையில் தரப்பட வேண்டும். என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று முறைப்பாட்டாளருக்குப் பதில் வரவேண்டும். காலையில் சொன்னவரின் பெயர் மாலையில் குற்றவாளியின் காதுக்குப் போகக்கூடாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்து, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அது கொழும்பிலுள்ள ஒரு காகிதமாக இருந்தால் போதாது, பொலிஸ் நிலையத்தின் வாசலில் தெரிய வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியதும் உண்டு. சிவில் பாதுகாப்புக் குழுக்கள் பல இடங்களில் பெயரளவில் இருக்கின்றன. பொறுப்பதிகாரிக்கு வேண்டியவர்கள், வசதியுள்ளவர்கள், அரசியல்வாதியின் ஆட்கள் என்று அதே முகங்கள். இரவில் அஞ்சுகின்ற பெண் அங்கே இல்லை. வாவியில் விடியற்காலை வலை இழுக்கப் போகின்றவர் இல்லை. ஊரின் பெரும்பான்மையோடு மார்க்கக் கருத்தில் மாறுபட்ட சிறு கூட்டத்தின் பிரதிநிதி இல்லவே இல்லை. ஒரு குழு நல்லதா என்று அறிய எனக்கு ஓர் அளவுகோல் போதும்: அந்த ஊரில் மிகக் குறைவாக விரும்பப்படும் மனிதர் அங்கே வந்து முறையிட முடியுமா? 2004இல் காத்தான்குடியில் அப்படி ஓர் இடம் இருந்திருந்தால், வாள் தூக்கினால் ஊர் பொறுக்காது என்ற பாடத்தை பின்னால் வந்தவர்கள் முன்கூட்டியே படித்திருக்கக்கூடும். காத்தான்குடியும் ஆரையம்பதியும், ஏறாவூரும் செங்கலடியும், ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் ஒரே வீதியில் தொடர்ந்து கிடக்கும் ஊர்கள். எல்லையில் ஒரு கல் விழுந்தால் இரு பக்கமும் வதந்தி ஓடுகிறது. இந்த ஊர்களின் குழுக்கள் மாதத்தில் ஒரு தடவையாவது ஒன்றாக உட்கார வேண்டும். சண்டை வந்த பின் கூடும் சமாதானக் குழுவால் ஜனாஸாக்களை எண்ணத்தான் முடியும்.

பொலிஸ் திருந்தட்டும், பிறகு சொல்கிறோம் என்று காத்திருப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முறைப்பாடே இல்லாத நிலையத்துக்குத் திருந்த வேண்டிய அவசியம் வருவதில்லை. எழுத்தில், இலக்கத்தோடு, பிரதி வைத்துக்கொண்டு, தனியாக அல்லாமல் நான்கு பேராகப் போய்ச் சொன்னதை அலட்சியம் செய்வது கடினம். 2017இல் சொன்னவர்கள் உடனே பலன் காணவில்லை. ஆனாலும் அவர்கள் சொல்லியிருந்ததால்தான், "எங்களுக்குத் தெரியாது" என்று பின்னர் எவராலும் தப்ப முடியவில்லை. முஸ்லிம்கள் எல்லோரும் அறிந்தே மறைத்தார்கள் என்ற பழி எழுந்தபோது, அதற்கு நாம் காட்டக்கூடிய உறுதியான மறுப்பும் அவர்களுடைய முறைப்பாடுகள்தான். ஊர் ஒதுக்கி வைத்த அந்த மனிதர்கள் ஊரின் மானத்துக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லியிருந்தார்கள்.

"நம்மட பிள்ளைய நாமளே காட்டிக்கொடுக்கிறதா?" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஐஸ் விற்பவன் நம்மட பிள்ளையென்றால், அதை வாங்கி வகுப்பில் தூங்கி விழுகின்ற பதினாறு வயதுக்காரன் யாருடைய பிள்ளை? அவனும் இந்தக் குடியில், இந்த மஹல்லாவில் பிறந்தவன்தான். ஒருவனைக் காப்பதாக எண்ணி நாம் வாய்மூடி இருக்கும்போது, மற்றவனைக் கைவிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.